பாதுகாப்பான நீளம்

நிரல் பாதுகாப்பு வாரியத்தின் கூட்டங்கள் அடைப்புக்குறியில் தொடங்கி அடைப்புக்குறியில் முடியும். தலைவர் இருக்கையில் அமர்ந்ததும் செயலாளர் அம்மையார் எழுந்து, இடக்கையைப் பிறைபோல வளைத்து, "அடைப்பு திறக்கப்படுகிறது" என்பார். உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் இடக்கையை வளைப்பார்கள். முடிவில் வலக்கை. ஒருமுறை ஓர் உறுப்பினர் வலக்கையை வளைக்காமலே வெளியூர் போய்விட்டார். அவர் திரும்பும்வரை கூட்டம் முடியவில்லை என்றே கொள்ளப்பட்டது. எஞ்சியோர் நாற்காலியிலேயே சாப்பிட்டு நாற்காலியிலேயே தூங்கினார்கள். அந்த நாள்களில் வாரியம் வேறு எதையும் செய்யவில்லை. மருத்துவமனையில் பணிபுரிவோர் அதை ஒரு பொற்காலமாக இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

வாரியம் தோன்றியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது; அதன்பின் நடந்த எதற்கும் இல்லை.

அந்த மருத்துவமனையின் கருவிகள் யாவும் ‘சி’ என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல்களால் இயங்கின. ஒரே வகைப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் அமைப்புக்கு அந்தத் தொழிலில் அணி என்று பெயர், வாய்ப்பேச்சில் அர்ரே. பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டுக்குப் பன்னிரண்டு இடம் கொண்ட ஓர் அணி. பதின்மூன்றாவது இடத்தைக் கேட்டால் அந்த மொழி தடுக்காது. பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். அவ்வாறு எல்லை தாண்டிய ஒரு நிரல், நோயாளியின் உடல்வெப்பத்துக்குப் பதிலாகச் சுவர்க்கடிகாரத்தின் நேரத்தைக் காட்டிற்று. வெப்பம் பத்தேகால் என்று கண்ட மருத்துவர், நடந்து வந்த நோயாளியைப் பிணவறைக்கு அனுப்பினார். நோயாளி போக மறுத்ததால்தான் பிழை வெளியே தெரிந்தது.

ஆகவே, அணியின் நீளத்தை இனி யாரும் கையால் எழுதக் கூடாது, அதற்கென ஒரு மேக்ரோவைப் பயன்படுத்த வேண்டும் என்று யாரோ நல்ல யோசனை சொன்னார். மேக்ரோ சுருக்கெழுத்தைப் போன்றது. ஒரு பெயரை எழுதினால், இயந்திரம் அந்த இடத்தில் அதற்குரிய நீண்ட வரியைத் தானே விரித்து வைத்துக்கொள்ளும். இந்த மேக்ரோ, அணியின் மொத்த அளவை அதிலுள்ள ஒரு பொருளின் அளவால் வகுத்து எண்ணிக்கையைச் சொல்லும். பெயர் ‘பாதுகாப்பான நீளம்’. யோசனையில் குற்றமில்லை. அதைத் தூக்கி ஒரு வாரியத்திடம் கொடுத்தார்கள். குற்றம் அங்கே தொடங்குகிறது. அணி என்ற சொல்லுக்கு அழகு, அலங்காரம் என்றும் பொருள் உண்டு. வாரியம் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டது.

நோயாளி பொத்தானை அழுத்தினால் செவிலியர் மேசையில் மணி அடிக்கும் நிரலை எழுதியவருக்கு மருத்துவமனையில் மணிக்காரர் என்று பெயர். சலவை அறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில், வெந்நீர்க் குழாய்களின் இரைச்சலுக்கு நடுவில் அமர்ந்து வேலை செய்தார். சுற்றறிக்கை வந்தால் நின்றுகொண்டு படிக்கும் வகை மனிதர். வந்தது இவ்வாறு இருந்தது: "எண்கள் நீக்கப்பட வேண்டும். பாதுகாப்பான நீளம் பயன்படுத்தப்பட வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." நீக்குவது யார், எடுப்பது யார் என்பதை மூன்று வாக்கியங்களும் சொல்லவில்லை. வாரியம் எழுதிய எந்த வாக்கியத்திலும் செய்தவர் இருந்ததில்லை. செயப்பாட்டுவினைக்குப் பின்னால் அனைவரும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மணிக்காரர் எண்களை நீக்கினார். கட்டில்கள் இத்தனை என்று தாம் கையால் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் பாதுகாப்பான நீளத்தை வைத்தார். தொடக்க விழா வாரியத்தின் மண்டபத்தில் நடந்தது. மாதிரி வார்டு ஒன்று அமைத்திருந்தார்கள். மண்டபத்தில் எட்டுக் கட்டில்களுக்குத்தான் இடமிருந்தது. எட்டு உறுப்பினர்கள் படுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள். எட்டு மணிகளும் அடித்தன. கைதட்டல் எழுந்தது. படுத்தவர்களில் இருவர் எழுந்திருக்கவில்லை, தூங்கிவிட்டிருந்தார்கள்.

"இனிமே இந்த ஆஸ்பத்திரியில யாரும் எதையும் எண்ண வேண்டியதே இல்ல," என்று தலைவர் அறிவித்தார். "எண்ணுறதுனாலதான் தப்பு வருது."

அடுத்த மாதம் மணிக்காரரின் அப்பாவுக்கு இதயம் சோர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆண்கள் வார்டில் பதினோராம் கட்டில் கிடைத்தது. அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதல் ஊதியே உதடு ஒருபக்கம் சற்றுக் கோணிவிட்டவர். வார்டு நீளமானது. அதன் மறுகோடியில் திரும்பி, கனத்த கண்ணாடிக் கதவைத் தள்ளினால்தான் செவிலியர் மேசை. கூப்பிட்ட குரல் அங்கே எட்டாது. அதனால்தான் மணி.

"டேய், உன் மணி அடிக்க மாட்டேங்குது."

"நல்லா அழுத்துங்கப்பா."

"பஸ்ஸையே நிறுத்தின கைடா இது. எனக்கு அழுத்தத் தெரியாதா? காலையிலேருந்து அழுத்துறேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல்ல."

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மருமகள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார்: "இதுக்குத்தான் ஒரு வாரம் வீட்டுக்கே வராம உட்கார்ந்து மாத்தினீங்களா? என்னங்க மாத்தினீங்க?"

"பாதுகாப்பா ஆக்கினேன்."

"யாருக்கு?"

மணிக்காரர் கட்டில் கட்டிலாகப் போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். முதல் எட்டும் அடித்தன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஊமை. அறைக்குத் திரும்பி நிரலைத் திறந்தார். மேக்ரோவை விரித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஓர் அணியை ஒரு நிரற்பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது, ‘சி’ மொழி அணியை அனுப்புவதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் அனுப்பும். தெருவில் எத்தனை வீடு என்று ஒருவரை அளக்கச் சொல்லி, அவர் கையில் முதல் வீட்டின் முகவரிச் சீட்டைக் கொடுத்தது போலத்தான். பாதுகாப்பான நீளம் தெருவை அளக்கவில்லை, சீட்டை அளந்தது. அந்த இயந்திரத்தில் முகவரிச் சீட்டின் அளவு எப்போதும் எட்டு; அணியில் ஒரு கட்டிலின் அளவு ஒன்று, ஆகவே வகுத்தாலும் எட்டு. பன்னிரண்டு கட்டில் வார்டும் எட்டு; ஆறு கட்டில் வார்டும் எட்டு. மாதிரி வார்டில் எட்டுக் கட்டில் இருந்தது தற்செயல். வாரியம் அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டது.

இதற்கு மாற்று உண்டு. தொழிலில் உள்ள பலரும் அறிந்ததே. மேக்ரோவிற்குள் மேலும் ஒரு வரி சேர்த்தால், தன்னிடம் வந்தது அணியா, வெறும் முகவரியா என்று அது முதலில் சோதிக்கும். முகவரியானால், நிரலை உருவாக்கும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும். மணிக்காரர் அந்த வரியை எழுதி எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார். அடைப்பு திறக்கப்பட்டது.

"வெறும் அட்ரஸ், அதான் பாயிண்டர், வந்தா கம்பைல் ஆகாம நின்னுடும் சார்," என்று முடித்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நின்னுடுமா?"

"தப்பு இருக்குன்னு சொல்லிட்டு நிக்கும் சார்."

"அப்ப தப்பு இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே?"

"அதுக்குத்தான் சார்."

"இருங்க, இருங்க. இப்போ எத்தனை எரர் வருது?"

"இப்போ ஒண்ணும் வரல்ல சார். ஆனா..."

"உங்க வரியைச் சேர்த்தா?"

"நூத்துக்கணக்குல வரும் சார்."

தலைவர் உறுப்பினர்களைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டீங்களா? எரரே இல்லாத ஆஸ்பத்திரிக்குள்ள எரரைக் கொண்டுவர வந்திருக்காரு. அதுவும் பாதுகாப்புங்கிற பேர்ல."

"சார், எங்க அப்பா பதினோராம் கட்டில்ல இருக்காரு. மணி அடிக்கல்ல சார்."

"பாதுகாப்பான நீளம் எத்தனை கட்டில்னு சொல்லுது?" என்று செயலாளர் அம்மையார் பரிவோடு கேட்டார்.

"எட்டு மேடம்."

"அப்புறம் பதினோராம் கட்டில் எங்கேருந்து வந்துச்சு?"

மணிக்காரரின் மனம் நோகக் கூடாது என்று வாரியம் ஒரு தீர்வையும் அளித்தது. ‘மிகப் பாதுகாப்பான நீளம்’ என்னும் புதிய மேக்ரோ வெளியிடப்பட்டது. அதற்குள் பாதுகாப்பான நீளமே இருந்தது; சுற்றிலும் மேலும் ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தார்கள். விடை முன்போலவே எட்டு. ஆனால் இப்போது அது அடைப்புக்குறிக்குள் இருந்தது.

மேக்ரோ பரவிற்று. உணவுப் பிரிவு அதைப் பயன்படுத்தியதால், வார்டுக்கு எட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளே வந்தன. எட்டாம் கட்டிலுக்குமேல் இருந்தவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றார்கள். அனுமதிச்சீட்டுப் பிரிவு பயன்படுத்தியதால், அந்தக் கட்டில்களுக்கு உடன் தங்குவோர் சீட்டு அச்சாகவில்லை.

"மாமாவுக்குப் பக்கத்துல ராத்திரி ஒருத்தர் இருக்கணும் தம்பி, சீட்டுக் குடுங்க," என்று மருமகள் சாளரத்தில் கேட்டார்.

"எந்தக் கட்டில்மா?"

"பதினொண்ணு."

"அப்படி ஒண்ணு வரலையேம்மா."

"வரலேன்னா? நான் இப்பத்தான் அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வர்றேன்!"

"கஞ்சி யாருக்கு வேணா குடுக்கலாம்மா. சீட்டு, இருக்கிற கட்டிலுக்குத்தான்."

முதல் எட்டுக் கட்டில்களில் ஒன்றுக்கு மாற்றித் தரச் சொல்லிப் பார்த்தார்கள். அவை இப்போது ‘பாதுகாப்பான கட்டில்கள்’ என்று அழைக்கப்பட்டன. வாரிய உறுப்பினர்களின் மாமனார்களும் மைத்துனர்களும் அவற்றில் படுத்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மணி அடிப்பதைக் கேட்கும் மகிழ்ச்சிக்காகவே வந்திருந்தார்கள்.

இருக்கிறவர்கள் இல்லாமற்போனது பாதி அவலம். மறுபாதி, குழந்தைகள் வார்டில் நடந்தது. அங்கே ஆறே கட்டில்கள். பாதுகாப்பான நீளம் எட்டு என்றது. ஏழாவதையும் எட்டாவதையும் நிரல் எல்லை தாண்டிப் போய்த் தேடி, அங்கே கிடந்த குப்பையைப் படித்து மணியடித்தது. இரவும் பகலும் அடித்தது. எந்தக் கேட்டைத் தடுக்க வாரியம் பிறந்ததோ அந்தக் கேட்டை இப்போது வாரியமே, முத்திரையிட்டு, எல்லா வார்டுகளுக்கும் வழங்கிக்கொண்டிருந்தது. இல்லாத இரு நோயாளிகளின் நிலை கவலைக்கிடமாக இருப்பதாகக் கணிப்பொறி தெரிவித்ததால், அவர்களையும் சேர்த்துக் கவனிக்கும்படி ஆண்கள் வார்டின் ஒரே நர்ஸுக்கு உத்தரவாயிற்று.

"நான் என்னதான் செய்ய?" என்று அந்த நர்ஸ் ஒருநாள் மருமகளிடம் பொரிந்து தள்ளினார். "மணி அடிக்குது. ஓடுறேன். அங்க செவுருதான் இருக்கு. செவுத்துக்கு நாடி பார்த்து எழுதணும். எழுதலைன்னா மெமோ. நேத்து டாக்டர் வந்து, ‘ஏழாம் கட்டிலுக்கு ஏன் ஊசி போடல்ல?’ன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேஷண்ட் ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டேன்."

குறை சொல்லவும் வழி இருந்தது. நடைகூடத்தில் தொடுதிரை ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் தட்டச்சு செய்வது நேரே வாரியத்துக்குப் போகும். தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று ஒழுங்காகவே அமைத்திருந்தார்கள். எழுத்துகளின் அணியை வாங்கிக்கொண்ட நிரல், எத்தனை எழுத்தை எடுத்துச் செல்ல வேண்டும் என்று பாதுகாப்பான நீளத்தைக் கேட்டது. அது எட்டு என்றது.

இங்கே பள்ளிக்கூடத்தில் மனுவெழுதக் கற்றுக்கொடுத்தவர்களை நொந்துகொள்வதா, வாழ்த்துவதா என்று தெரியவில்லை. ‘மதிப்பிற்குரிய’ என்னும் சொல்லை எழுத்தெண்ணிப் பார்த்தால் மிகச் சரியாக எட்டு. சோறு வரவில்லை, சீட்டு வரவில்லை, மணி அடிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அனைவரும் முறைப்படி ‘மதிப்பிற்குரிய’ என்றுதான் தொடங்கினார்கள். வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது அதுவே, அது மட்டுமே.

"இந்தக் காலாண்டுல வந்த குறைகள் எல்லாமே ஒரே வார்த்தைதான் சார்," என்று செயலாளர் அம்மையார் தழுதழுத்தார். "மதிப்பிற்குரிய. வேற ஒரு எழுத்து கிடையாது."

தலைவருக்குக் கண் கலங்கிற்று. "பாருங்க. குறை சொல்லணும்னுதான் கிளம்பி வர்றாங்க. இங்க வந்ததும் குறை மறந்துபோயி மரியாதையைக் குடுத்துட்டுப் போறாங்க."

எட்டாம் கட்டிலுக்குமேல் நேர்ந்த இறப்புகள் கணக்கில் சேராததால் மருத்துவமனையின் இறப்பு விகிதம் சரிந்தது. அதற்காக வாரியத்துக்குப் பட்டயம் வழங்கினார்கள். மேக்ரோவின் பெயரைப் பித்தளையில் பொறித்த இயந்திரமும் அதே நிரலால் இயங்கியது. திரையை விலக்கியபோது பட்டயத்தில் ‘பாதுகாப்பான நீ’ என்று இருந்தது. தலைவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னைத்தான் சொல்லியிருக்காங்க," என்றார் கடைசியில். "ஆனா ‘நீங்கள்’னு போட்டிருக்கலாம்."

இதற்கிடையில் மருமகள் வீட்டில் அலமாரியின் அடித்தட்டைக் கிளறி, மாமனாரின் பழைய ஊதலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, இந்தாங்க. ஆள் வேணும்னா ஊதுங்க. இதுக்கு மேக்ரோ வேண்டாம்."

கிழவரின் முகம் விரிந்தது. "ஒரு ஊதல்னா நிறுத்து. ரெண்டு ஊதல்னா போ. நடுரோட்டுல ஊதினாலும் டிரைவர் காலு தானாப் பிரேக்குக்குப் போகும். தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இந்த நர்ஸுப் பொண்ணுக்குப் பிரேக் எங்க இருக்குன்னு பார்ப்போம்."

மூச்சு குறைவுதான், ஆனால் ஊதல் கண்ணாடிக் கதவைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நர்ஸ் ஓடி வந்தார். பத்தாம் கட்டில்காரருக்கு வலி வந்தாலும் பன்னிரண்டாம் கட்டில்காரருக்குத் தாகம் எடுத்தாலும் கிழவர்தான் ஊதினார். ஒரு வாரம் அந்த வார்டின் கோடியில் நான்கு மனிதர்கள் இருந்தார்கள்.

மணிக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஆண்கள் வார்டுக்கான வரியில் மேக்ரோவை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். மறுநாளே பதினோராம் மணி அடித்தது. அதற்கு மறுநாள், எண்களை மோப்பம் பிடிப்பதற்கென்றே வாரியம் வைத்திருந்த நிரல் அந்தப் பன்னிரண்டைக் கண்டுபிடித்து, அழித்து, மேக்ரோவைத் திரும்ப வைத்து, எழுதியவரையும் காட்டிக்கொடுத்தது. ஊதல் சத்தத்தால் விழித்துக்கொண்ட முதல் கட்டில் மைத்துனர் ஒருவர் வேறு முறையிட்டிருந்தார். மணிக்காரர்மீது குற்றச்சாட்டு இரண்டாயிற்று.

விசாரணை அறையில் ஏசி கடுமையாக ஓடியது. மேசையின் நடுவே, சான்றுப்பொருளாக, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்த ஊதல் இருந்தது. காலையில்தான் கிழவரின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். அடைப்பு திறக்கப்பட்டது.

"பன்னிரண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் தலைவர்.

"வார்டுல பன்னிரண்டு கட்டில் இருக்கு சார்."

"அது வார்டுல. புரோகிராம்ல எப்படி வந்துச்சு?"

"நான் எண்ணிப் பார்த்துட்டு எழுதினேன் சார்."

உறுப்பினர்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடிற்று. அம்மையார் காதைப் பொத்திக்கொண்டார்.

"எண்ணிப் பார்த்தீங்களா! மனுஷன் எண்ணக் கூடாதுன்னுதானே இந்த வாரியமே இருக்கு? இதுக்குப் பேரு என்ன தெரியுமா? மாய எண். எந்த ஆதாரமும் இல்லாம வானத்துலேருந்து குதிச்ச எண்."

"சார், நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. நடந்து போனா அஞ்சு நிமிஷம். கட்டில் இருக்கு. அதுல ஆள் இருக்காங்க."

"வந்து பார்த்தா நானும் எண்ணிடுவேனே," என்றார் தலைவர், உண்மையான அச்சத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். இந்த மேக்ரோவை நான் ஒருநாளும் விரிச்சுப் பார்த்தது கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். அதுக்குப் பேருதான் நம்பிக்கை. நீங்க விரிச்சுப் பார்த்தீங்க. உங்களுக்குத் தூக்கம் போச்சு. நான் பார்க்கல்ல, நல்லாத் தூங்குறேன். நம்ம ரெண்டு பேர்ல யாரு பாதுகாப்பா இருக்கோம்?"

உறுப்பினர்கள் தட்டிய கையோசை அடங்க நேரமாயிற்று.

"ஊதலையாவது குடுத்துடுங்க சார்," என்றார் மணிக்காரர். "அப்பாவுக்கு அது இல்லேன்னா யாரையும் கூப்பிட முடியாது."

"அதுல எத்தனை தடவை ஊதுவாங்கன்னு யாரு வரையறுத்தது?" என்று கேட்டார் அம்மையார். "நீளமே தெரியாத ஒலி அது. மேக்ரோ இல்லாம ஒரு சத்தத்தை வார்டுக்குள்ள விட முடியாதுங்க."

நிரலைத் திருத்தும் உரிமை மணிக்காரரிடமிருந்து நீக்கப்பட்டது. ஊதல் வைத்துக்கொள்ளப்பட்டது. அடைப்பு மூடப்பட்டது.

பார்வையாளர் நேரம் பகலில் முடிந்து மாலையில் மீண்டும் தொடங்கும். அந்த இடைவேளையில் ஒருநாள் கிழவருக்கு மூச்சு முட்டியது. பத்தாம் கட்டில்காரர் எழ முடியாதவர். தலையைத் திருப்பிப் பார்த்தார், கத்தினார். கதவுக்கு அப்பால் கேட்கவில்லை. கிழவர் பொத்தானை அழுத்தினார். விட்டு விட்டு, பேருந்தில் அடிப்பது போலவே, ஒரு தடவை, ஒரு தடவை, ஒரு தடவை என்று அழுத்திக்கொண்டிருந்தார் என்று பத்தாம் கட்டில்காரர் பிறகு சொன்னார். நர்ஸ் அந்த நேரத்தில் குழந்தைகள் வார்டில் இருந்தார். ஏழாம் கட்டிலின் மணி அடித்திருந்தது. அவர் சுவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மருமகள் தூக்குப் பாத்திரத்தோடு வந்து, "மாமா," என்று கூப்பிட்டார். கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. அதை அவர்தான் எடுத்துவிட்டார்.

இல்லாத கட்டிலில் ஒருவர் இறக்க முடியாது என்பதால் இறப்புச் சான்று தர மறுத்தார்கள். முதலில் குறையைப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். காரியங்கள் முடிந்து, கணவனும் மனைவியும் நடைகூடத்துத் தொடுதிரையின்முன் நின்றார்கள். எட்டு எழுத்துதான் போகும் என்பது இப்போது இருவருக்கும் தெரியும்.

"மதிப்பிற்குரிய எல்லாம் வேண்டாம்," என்றார் மனைவி. "நேரா விஷயத்தைப் போடுங்க. ‘அப்பா செத்தார்.’ எண்ணிப் பாருங்க, நடுவுல இடம் விட்டாலும் எட்டுல அடங்குது."

மணிக்காரர் திரையில் விரலை வைத்தபடி நின்றார். "என்னால அந்த வார்த்தையை எழுத முடியாது."

"ஏங்க?"

"எங்கப்பா அவரு. தெருநாயா?"

அவர் ‘அப்பா இறந்தார்’ என்று எழுதினார். ஒன்பது. கடைசி எழுத்து விழுந்துவிடும் என்று தெரிந்தேதான் எழுதினார். ஒரு புள்ளியெழுத்து போனால் பொருளா போய்விடும் என்று நினைத்தார். மரியாதையோடு அனுப்பினார்.

வாரியத்துக்கு ‘அப்பா இறந்தா’ என்று போய்ச் சேர்ந்தது. அம்மையார் மொழியறிவுள்ளவர், குறைபட்டு நின்ற சொல்லை நிறைவு செய்யாமல் விடமாட்டார். ஈற்றில் ‘ல்’ சேர்த்துக்கொண்டார். ‘ர்’ போய் ‘ல்’ வந்ததும், முற்று எச்சமாயிற்று. நடந்து முடிந்தது, இனி நடந்தாலும் நடக்கலாம் என்றாயிற்று. விடை வந்தது:

"தங்கள் தந்தை இறந்தால் என்ன செய்வது என்னும் தங்களின் முன்யோசனை பாராட்டப்படுகிறது. அவ்வாறு நேரும்பட்சத்தில் மீண்டும் அணுகப்படலாம்."

மணிக்காரர் அதை நின்றுகொண்டு படித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்துவிட்டு, நடைகூடத்துக்குப் போய், திரையின்முன் கண்களை மூடிக்கொண்டு, ‘அப்பா செத்தார்’ என்று எழுதி அனுப்பினார். அந்த மருத்துவமனையின் வரலாற்றில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வாரியத்தை அடைந்த முதல் குறை அதுவே.

விடை உடனே வந்தது. "தங்கள் குறை முழுமையாகப் பெறப்பட்டது. பெற்ற தந்தையைக் குறித்து இத்தகைய சொல் கையாளப்பட்டிருப்பது வருத்தத்துடன் கவனிக்கப்படுகிறது. பண்பற்ற மொழியின் காரணமாகக் குறை தள்ளுபடி செய்யப்படுகிறது. இனி எழுதப்படும் குறைகள் ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கப்பட வேண்டும்."

"ஊதலையாவது வாங்கிட்டு வாங்க," என்றார் மனைவி. "அதை அங்க விட்டுவைக்க எனக்கு மனசில்ல."

அவர் போய்க் கேட்டார். தர முடியாது என்றார்கள். அது பயன்பாட்டில் இருந்தது. தலைவருக்கு அதன் ஓசை பிடித்துப்போயிருந்தது. வாரியத்தின் கூட்டங்களில் இப்போது, அடைப்பு திறக்கப்படுவதற்கு முன்னால், கணீரென்று ஓர் ஊதல் ஊதப்படுகிறது. அதைக் கேட்டதும் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, இடக்கையை வளைத்து, வேலையைத் தொடங்குகிறார்கள். ஒருமுறை ஊதினால் நிறுத்த வேண்டும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.